ஒரு கரண்டி ஆக்ஸிஜன்

எந்த நெஞ்சு டாக்டரிடம் போனாலும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, பீடி சிகரெட் பழக்கம் உண்டா என்பதுதான். நெற்றியில் குங்குமமும் கையில் மஞ்சப்பையுமாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்து இப்படிக் கேட்க எப்படித்தான் மனசு வருகிறதோ என்று முதல் தடவை கோபம் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. "இல்லைங்க, நான் அடுப்புப் புகைதான் குடிச்சேன்" என்று பதில் சொல்லக் கற்றுக்கொண்டேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, குனிந்து எழுதிக்கொள்வார்கள்.

தொண்ணூறுகளில் கணபதி என்கிற பகுதியில் நாங்கள் ஒரு மெஸ் நடத்தினோம். சுற்றிலும் லேத்துப் பட்டறைகள், பம்ப்செட் பாகங்கள் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள். மத்தியானம் ஆனால் கையில் கிரீஸ் கறையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். சமையல் நான். பரிமாறுவது என் வீட்டுக்காரர். அடுப்பு, மரத்தூள் அடுப்பு. தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் குத்திக் குத்தி இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டால் நடுவில் குழி விழும். அடியில் ஒரு குச்சியைச் செருகிப் பற்றவைத்தால் நின்று நிதானமாக எரியும். மரக்கடையில் தூள் சல்லிசாகக் கிடைத்தது, புகை இனாமாகக் கிடைத்தது. அந்தச் சமையல்கட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் காற்றில் அடுப்பு அலைகிறது என்று நானே சாத்தி வைத்திருப்பேன்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் அந்தியூர். அதிகம் பேச மாட்டார். அவர் பேச வேண்டியதையெல்லாம் கரண்டி பேசிவிடும். சாப்பிடுகிறவர் போதும் என்று இலைக்கு மேலே கையை விரித்து மறைத்தால், விரல் சந்துக்குள் ரசத்தை ஊற்றுவார். சோறு வேண்டாம் என்று எழுந்தவரைத் தோளில் கைவைத்து உட்கார வைத்துவிடுவார். கல்யாணமான புதிதில் எனக்கே அப்படித்தான். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் நின்றுகொண்டு, "இன்னுஞ் சித்தெ போட்டுக்க அம்மணி" என்பார். மற்ற புருஷன்மார் என்னென்னவோ சொல்வார்களாம், எனக்குக் கிடைத்தது இந்த ஒரு வாக்கியம்தான். அந்த வாக்கியத்தின் பேரில் எனக்குச் சலிப்பும் உண்டு, பெருமையும் உண்டு.

இருமல் எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வந்தது, குடியேறியது, அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் இருமித் துப்பினால்தான் பொழுது விடிந்தது மாதிரி இருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும். உடம்பு கனத்துவிட்டது என்று சோற்றைக் குறைத்தேன். பக்கத்துத் தெரு டாக்டர் வீசிங் என்று சொல்லி ஊசி போடுவார், நான்கு நாள் நன்றாக இருக்கும். இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு வருஷம் மார்கழிக் குளிரில் ஒரு காலை, சாம்பார் அண்டாவை இறக்கப் போனவளால் அண்டாவைப் பிடித்தபடி நிற்கத்தான் முடிந்தது. காற்று வாய் வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் போகவில்லை. பட்டறைக்காரர் ஒருவருடைய வேனில் என்னைத் தூக்கி உட்காரவைத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். அடுப்பை அணைத்தோமா என்று கேட்க நினைத்தேன், கேட்க மூச்சு இல்லை.

அங்கே காத்திருக்கும் ஹாலில் வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். அத்தனை பேரும் இருமுகிற ஹால் அது. ஒருவர் இருமினால் இன்னொருவருக்குத் தொற்றும், கோழி கூவுவது போல. என் முறை வந்ததும் டாக்டர் நகத்தைப் பார்த்தார். முந்தின வாரம்தான் மருதாணி வைத்திருந்தேன். ஆக்ஸிஜன் குறைந்தால் நகம் நீலம் பாயுமாம். என் நகமோ செக்கச்செவேல் என்று இருந்தது. அவர் சிரித்துவிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு பொய் சொல்லவில்லை. நாவற்பழம் தின்றவள் நாக்கு மாதிரி இருந்ததாம்.

டாக்டருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். தமிழர்தான், ஆனால் அப்பாவின் ரயில்வே வேலையால் வடக்கே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி தமிழ் பேசுவார். நல்ல மனிதர். கேட்டால் உட்கார்ந்து சொல்வார். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்கிற டாக்டர்கள் அபூர்வம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு குழாயை வாயில் வைத்து "ஊது, ஊது, இன்னும் ஊது" என்றார்கள். அடுப்பை ஊதியே வாழ்நாளைக் கழித்தவளால் அந்தக் குழாயில் ஒரு நொடிக்கு மேல் ஊத முடியவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. அப்புறம் மணிக்கட்டில் ரத்தம் எடுத்தார்கள். வழக்கமாக முழங்கை மடிப்பில் எடுப்பது அழுக்கு ரத்தம் போகிற குழாயிலிருந்து. இதுவோ, நாடி துடிக்கிறதே அந்தக் குழாயில் நேராக ஊசியை இறக்குவது. நுரையீரலில் காற்றை வாங்கிக்கொண்டு புதிதாக வருகிற ரத்தம் அதில்தான் ஓடுகிறதாம். பிள்ளை பெற்றபோதுகூட நான் அப்படி முனகியதில்லை. எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்து ஓட்டமாகக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு டாக்டர் விளக்கினார். நுரையீரல் என்றால் இரண்டு பை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பை இல்லையாம். திராட்சைக் குலை மாதிரி, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குட்டிப் பைகள். ஒவ்வொன்றின் சுவரும் அத்தனை மெல்லிசு. சுவருக்கு உள்ளே காற்று, வெளியே ஒட்டினாற்போல் மயிரைவிட மெலிதான ரத்தக்குழாய். காற்றில் ஆக்ஸிஜன் அதிகம், அங்கே வருகிற ரத்தத்தில் குறைவு. அதனால் அது தானாகவே சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகிறது. சிவப்பு அணுக்கள் அதைத் தூக்கிக்கொண்டு உடம்பு முழுக்கப் போகின்றன. அதே நேரத்தில், உடம்பு வேலை செய்ததில் மிஞ்சிய கார்பன் டை ஆக்ஸைடு ரத்தத்தில் அதிகம், காற்றில் குறைவு. அது இந்தப் பக்கம் தாண்டி வருகிறது. நாம் வெளியே விடுகிறோம். அதிகம் இருக்கிற இடத்திலிருந்து குறைவாக இருக்கிற இடத்துக்கு. யாரும் தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

"உங்களுக்குப் புகையால் அந்தப் பைகள் பல கிழிந்து ஒன்றாகிவிட்டன அம்மா. குழாய்களும் சுருங்கிவிட்டன. காற்று உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடுகிறது" என்றார்.

எனக்கு அது மெஸ் பாஷையில்தான் புரிந்தது. பந்தி நடக்க வேண்டும் என்றால் சோறு வந்தால் மட்டும் போதாது. சாப்பிட்ட எச்சில் இலையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுக்கிற ஆள் சுணங்கினால் சமையல்கட்டில் எவ்வளவு சோறு இருந்து என்ன, அடுத்த ஆளுக்கு இலை போட இடம் இருக்காது. என் நெஞ்சுக்குள் எச்சில் இலை எடுக்கிற வேலைதான் நின்றுபோயிருந்தது. இதைச் சொன்னதும் டாக்டர், மாணவர்களுக்கு இனி இப்படியே சொல்லிக்கொடுப்பேன் என்றார். சொல்லிக்கொடுத்தாரோ என்னவோ.

வார்டில் எனக்கு மூக்கில் செருகுகிற மெல்லிய குழாய் வைத்தார்கள். அது சுவரில் இருந்த ஒரு கண்ணாடிக் குழலில் போய்ச் சேரும். குழலுக்குள் ஒரு குட்டிக் குண்டு. கீழே ஒரு குமிழ். குமிழைத் திருப்பினால் குண்டு மேலே ஏறும், அவ்வளவு ஆக்ஸிஜன் வருகிறது என்று அர்த்தம். எனக்குக் குண்டை அடிக்கோட்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் நிமோனியா வந்த ஒரு அம்மாளுக்குக் குண்டு உச்சியில் மிதந்தது. யாரும் இதில் கைவைக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி நாட்களை நினைத்தால் பயம்தான் முதலில் வர வேண்டும். எனக்கென்னவோ மனிதர்கள்தான் வருகிறார்கள். படுத்தால் மூச்சு முட்டியதால் உட்கார்ந்தபடி முன்னால் சாய்ந்துதான் தூங்க முடிந்தது. இதைக் கேள்விப்பட்ட எங்கள் மெஸ் வாடிக்கைக்காரர்கள், பட்டறையில் இரும்புக் குழாயை வளைத்து, மேலே பலகை அடித்து, கட்டிலுக்குக் குறுக்கே நிற்கிற மாதிரி ஒரு சாய்மேஜை செய்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வெல்டிங் சூடு ஆறியதும் ஆறாததுமாக இருந்தது. வாட்ச்மேன் உள்ளே விடமாட்டேன் என்று மல்லுக்கட்டியிருக்கிறார். சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிற என் தம்பியின் மனைவி கோமதி, தினமும் பஸ் ஏறி வந்து தலை வாரிப் பின்னிவிடுவாள். கொள்ளு ரசத்தைத் தூக்குப்போசியில் கொண்டுவந்து, ஆற்றி ஆற்றிக் கொடுப்பாள். பில்லைப் பற்றி என் காதுபடப் பேசக் கூடாது என்று கோமதிக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு ஒப்பந்தம். வராந்தாவில் அவர்கள் குசுகுசுப்பதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். தெரியாத மாதிரி ரசத்தைக் குடிப்பேன். அப்படி என்னைத் தாங்கிய நாட்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

என் வீட்டுக்காரர்தான் பாவம். அங்கே அவருக்குப் பரிமாற ஒன்றும் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டிருப்பார். என் குண்டைப் பார்ப்பார், பக்கத்துக் கட்டில் குண்டைப் பார்ப்பார். அவர் முகம் போகிற போக்கிலேயே எனக்குப் புரிந்தது. பக்கத்து இலையில் மலையாகக் குவித்துவிட்டு நம் இலைக்கு மட்டும் அரைக் கரண்டி வைத்தால் ஒருவர் முகம் எப்படிப் போகும், அப்படி.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மத்தியானச் சாப்பாட்டு நேரம். சிஸ்டர் அந்தப் பக்கம் வேறு கட்டிலில் வேலையாக இருந்தார். எனக்கு அன்று இரைப்பு கொஞ்சம் கூடுதல். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்தார். இடுப்பு வேட்டியை ஒருதரம் இறுக்கிக் கட்டிக்கொண்டார், பந்திக்கு வாளியைத் தூக்குவதற்கு முன் கட்டுவது போல. குமிழைத் திருப்பினார். குண்டு மேலே ஏறியது. பாதி வரைக்கும் ஏறியதைப் பார்த்துவிட்டு உட்காரப் போனவர், மனசு கேட்காமல் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

காற்று வந்தது. எத்தனையோ மாதமாக வராத காற்று. மூக்கு வழியே குளுகுளுவென்று இறங்கியது. தோள் தளர்ந்தது. கண் சொக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி கோமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வந்தபோது நான் சாய்மேஜையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேனாம். முகம் சிவந்து, நெற்றி வியர்த்து, பார்க்க நன்றாக இருந்தேனாம். பார்வை நேரம் ஆரம்பித்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் என் வீட்டுக்காரர் உதட்டில் விரலை வைத்து அடக்கினார். இன்றைக்குத்தான் அசந்து தூங்குகிறாள், எழுப்பிவிடாதீர்கள் என்று கெஞ்சினாராம். அவர்களும் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து, கண்ணால் பார்த்து, கைகூப்பிவிட்டுப் போனார்கள். ஆரஞ்சுப் பழங்கள் மட்டும் குவிந்துகொண்டே போயின. ஒருத்தி கால்மாட்டில் உட்கார்ந்து விசிறியும் விட்டிருக்கிறாள். நான் செத்துக்கொண்டிருந்தேன். அதை அத்தனை பேரும் சுற்றி நின்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காய்ச்சல் பார்க்க வந்த சிஸ்டர்தான் என்னைத் தொட்டு எழுப்பியிருக்கிறார். எழவில்லை. கன்னத்தில் தட்டினார். முனகிவிட்டு மறுபடி சாய்ந்தேன். நிமிர்ந்து குண்டைப் பார்த்தவர், குமிழை இறக்கிவிட்டு ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். யார் இதைத் திருப்பியது என்று கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. மணிக்கட்டில் மறுபடி ஊசி. ரத்தத்தில் ஆக்ஸிஜன் வேண்டிய மட்டும் இருந்தது. கார்பன் டை ஆக்ஸைடு கண்டபடி ஏறியிருந்தது.

நடந்தது இதுதான். நல்ல உடம்பில், ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு கொஞ்சம் கூடினாலே மூளை, மூச்சு விடு மூச்சு விடு என்று விரட்டும். வருஷக்கணக்கில் அதோடேயே வாழ்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த விரட்டல் மரத்துப்போய்விடுமாம். ஆக்ஸிஜன் குறைகிறதே என்ற பயம் ஒன்றுதான் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும். தாராளமாக ஆக்ஸிஜனைக் கொடுத்தால் அந்தப் பயமும் போய்விடுகிறது. மூளை நிம்மதியாகிவிடுகிறது, மூச்சு மெதுவாகிறது, கழிவு வெளியே போகாமல் ரத்தத்திலேயே சேர்கிறது. சேரச் சேர அதுவே மயக்க மருந்து. அன்று டாக்டர் சொன்னது இவ்வளவு. காரணம் இது மட்டும் இல்லை, கெட்டுப்போன பைகளின் பக்கமும் ரத்தம் வீணாக ஓடுகிறது, ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் கார்பன் டை ஆக்ஸைடைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் இறக்கிவிடுகிறது என்றெல்லாம் பிற்பாடு படித்தேன். எப்படியானாலும் இலை எடுக்க ஆள் இல்லாத பந்தியில் சோற்றைக் கொண்டுவந்து கொட்டியாகிவிட்டது.

ஆக்ஸிஜனை ஒரேயடியாக நிறுத்தவும் கூடாதாம். குறைத்து வைத்து, நான் விழித்து, நானாக மூச்சு விட வேண்டும். இல்லையென்றால் தொண்டைக்குள் குழாயை இறக்கி மெஷினில் போட வேண்டும். என் நுரையீரல் இருக்கிற நிலையில் மெஷினில் ஏறினால் திரும்ப இறங்குவது சந்தேகம் என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உலுக்கி உட்கார வைத்தார்கள். முகத்தில் ஈரத் துணியால் துடைத்தார்கள். டாக்டர் காதருகே குனிந்து கேள்வி கேட்டார்.

இது எந்த இடம் என்றார். ஆஸ்பத்திரி என்றேன். வாய் குழறினாலும் சொல்லிவிட்டேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். கையை நீட்டச் சொன்னார், நீட்டினேன். அது காக்கைச் சிறகு மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டதாம். கார்பன் டை ஆக்ஸைடு ஏறினால் அப்படித்தான் கை ஆடுமாம். அப்புறம் கேட்டார்.

"உங்கள் கணவரின் பெயர் என்ன?"

நான் பதில் சொல்லவில்லை.

மறுபடி கேட்டார். சத்தமாகக் கேட்டார். எனக்கு எல்லாம் கலங்கியிருந்தது. எதிரில் நிற்பது கோமதியா வேறு யாரோவா என்று தெரியவில்லை. ஆனால் இது மட்டும் கலங்கவில்லை, கட்டியவர் பேரைச் சொல்லக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பேன், அவர்கள் சொல்வார்கள். ஊரில் யாருக்கும் இது புதிதில்லை. அன்றும் அப்படியே பக்கத்தில் யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று டாக்டர் முன்பே அடக்கியிருந்தாராம். சரி, ஆளையே காட்டிவிடலாம் என்று என் வீட்டுக்காரரை நோக்கிக் கையைத் தூக்கினேன். கை படபடவென்று ஆடியது. டாக்டர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மெஷினைத் தயார் செய்யச் சொன்னார்.

கணவர் பெயரையே மறந்துவிட்டார், இனிமேல் காத்திருப்பது ஆபத்து என்று அவர் என் வீட்டுக்காரரை வெளியே கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கிறார். சம்மதம் கேட்டிருக்கிறார். அதுவரை பேயறைந்த மாதிரி நின்றிருந்த மனுஷன், அதைக் கேட்டதும் நிமிர்ந்தாராம். கோமதி இதைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்று நடித்துக் காட்டுவாள்.

"மறக்கலைங்க சார். அவ சொல்ல மாட்டாளுங்க. செத்தாலும் சொல்ல மாட்டாளுங்க. ஒரே ஒருக்கா நான் கேக்கறனுங்க, அதுக்கப்பறம் என்ன வேணாலும் பண்ணுங்க."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. ஆமாம் டாக்டர், இங்கே பெண்கள் சொல்ல மாட்டார்கள் என்று அவரும் சேர்ந்துகொண்டார். குழாயும் கையுமாக டாக்டர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்க, என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்து, நான்கு பேர் பார்க்க என் தாடையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார். வீட்டில்கூட அவர் அப்படிச் செய்ததில்லை.

"அம்மணி, எம்பேரைச் சொல்லிப்போடு. நீ சொன்னா எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போயராது. சொல்லாட்டி உன்னைக் கொண்டு போயிருவாங்க."

அந்தக் குரலில் எனக்கு உறைத்தது. என் நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"நாச்சிமுத்துங்க."

அவர் பழக்கதோஷத்தில், கூப்பிட்டால் பதில் சொல்கிற மாதிரி, "ஏனுங்க" என்றார். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் குழாயைத் தட்டில் வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பட்டறைக்காரர்கள் மத்தியானம் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டார். ஏழு நாளைக்குமான குழம்பைக் கிழமை வாரியாக ஒப்பிக்க ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை வரும்போதே போதும் என்றுவிட்டார்.

ஒரு மணி நேரம் தருகிறேன், தூங்கவிடாமல் பேச வைத்துக்கொண்டே இருங்கள், மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார். அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அவர் அதிகம் பேசியது. பேச என்ன இருக்கிறது அந்த மனுஷனிடம். அந்தியூர் குதிரைச் சந்தைக்கு அவர் அப்பாவோடு போனதைச் சொன்னார். ஆடி மாதத் தூற்றலில் ஒரு வெள்ளைக் குதிரை கட்டை அவிழ்த்துக்கொண்டு பலகாரக் கடைக்குள் புகுந்ததைச் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் கொடுத்த காப்பியில் சர்க்கரை இல்லை, அதைச் சொல்லாமலேயே குடித்தேன் என்றார். ஏன் சொல்லவில்லை என்று நான் சண்டைக்குப் போனேன். சண்டை போட மூச்சு வேண்டுமே, விட்டேன், வாங்கினேன், விட்டேன். இருட்டுவதற்குள் வந்த ரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்ஸைடு இறங்கத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்குப் போகும் நாள் வரை அவர் அந்தக் குண்டு இருந்த பக்கமே வரவில்லை. ஸ்டூலைக் கால்மாட்டுக்கு நகர்த்திக்கொண்டார். மெஸ்ஸுக்கு கேஸ் அடுப்பு வந்தது. மரத்தூள் டின்களை அவரே பழைய இரும்புக்காரருக்குப் போட்டார். எனக்குச் சமையல்கட்டில் வேலை இல்லாமல் ஆக்கிக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் பந்தியில் அவர் பழைய ஆள் இல்லை. கையை விரித்து மறைத்தால் அப்படியே நகர்ந்துவிடுவார். வாடிக்கைக்காரர்கள் என்னிடம் வந்து, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

யார் வீட்டிலாவது மூச்சு நோய்க்காரருக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தால், அன்பு மிகுதியில் அந்தக் குமிழில் கைவைத்துவிடாதீர்கள். திடீரென்று நன்றாகத் தூங்குகிறாரே என்று சந்தோஷப்படாமல் எழுப்பிப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது வேறு என்னென்னவோ வந்துவிட்டது. அவர் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. நுரையீரல் கெட்டவள் நான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவை டாக்டரிடம் காட்டப் போன நாளை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். நன்றாக இருக்கிறீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணபதி போகிற டவுன் பஸ்ஸுக்காக இருவரும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர் திடீரென்று சொன்னார்.

"அன்னிக்கு அதைத் திருப்புனது நாந்தான் அம்மணி."

"தெரியுமுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிஸ்டர் சொன்னாரா, கோமதி சொன்னாளா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நீங்கள் வேட்டியை இறுக்கிக் கட்டும்போதே பார்த்துவிட்டேன் என்றேன். அப்புறம் ஏன் அப்போதே தடுக்கவில்லை, இத்தனை நாளும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார்.

"நெம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றேன். "அத்தனை மாசத்துல அன்னிக்குத்தானுங்க மூச்சு மூச்சா வந்துச்சு. நீங்க போட்டதுன்னு நெனச்சுட்டேதான் தூங்கிட்டனுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு, போய்விட்டது. நாங்கள் அடுத்த பஸ்ஸில் போனோம்.